ரசீது

மாங்கூழ் ஆலை வாசலில் என் எடைமேடை
இருபது இருபதாகத்தான் எண்ணும்.
பத்துக்குக் கீழே எது ஏறினாலும் பூஜ்யம்.
ஆடியில் ரசீதுப் புத்தகத்தைப் பாதி தின்றுவிட்டு
மீதியின் மேல் படுத்துத் தூங்கிய குட்டி
மூன்று மாதம் பூஜ்யமாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை
சிவப்பு எண்கள் கொஞ்சம் துடித்து
20 என்று நின்றன.
அதற்கும் ஒரு சீட்டு அடித்தேன்.
வண்டி எண்: இல்லை. சரக்கு: நாய்.
கையொப்பத்துக்கு மூக்கின் ஈரம்.
அன்றிலிருந்து அவன்.

சீசன் முடிந்தால் முற்றம் காலி.
கவிழ்த்த மாங்காய்க் கிரேட்டுகள் மேல் பிவிசி குழாய்,
அது தாண்டுதடை.
அடியை வெட்டி ஒட்டிய நாலு கூழ் டிரம் சுரங்கம்.
உள்ளே இன்னும் பெங்களூரா வாசனை,
நக்கி முடித்துத்தான் வெளியே வருவான்.
வளைந்து வளைந்து போகப் பன்னிரண்டு கம்பு நட்டேன்.
முதல் கம்பிலேயே காலைத் தூக்கினான்.

சாய்பலகைதான் வரவில்லை.
ஏறுவான், நடுவரை வருவான்,
பலகை கவிழ்ந்து டம் என்றதும்
பர்கூர் ரோடு வரை ஓடுவான்.
அடியில் ஆறு சாக்கு போட்டேன்.
வாரத்துக்கு ஒன்றாக உருவினேன்.
பலகை நுனியில் அவித்த ஈரல்.
நடுவில் நின்று
தன் எடை இப்போது எங்கே இருக்கிறதென்று
நாலு காலிடமும் விசாரிப்பான்,
பிறகு ஒரு அங்குலம்.
எத்தனை வருடமாய் எடை போடுகிறேன்,
என்னிடம் நான் கேட்டதில்லை இதை.

இரண்டாம் மாசியில் ஓசூரில் போட்டி.
ராயக்கோட்டை வழியாகத் தக்காளி டெம்போவில் போனோம்.
விண்ணப்பத்தில் இனம் என்ற இடத்தில்
பர்கூர் என்று எழுதினேன்.
பர்கூர் மாடாச்சே என்றார் மேசைக்காரர்.
அது அந்தியூர்ப் பக்கத்து பர்கூர் சார்,
இது எங்க பர்கூர்.

பெங்களூர்க் கார்களிலிருந்து இறங்கிய
பார்டர் காலிகளுக்கு மடக்குக் கூடாரம், மின்விசிறி.
ரசீதுக்கு என் குடை.

முதலில் நாய்களை விட்டுவிட்டு
நாங்கள் மட்டும் நடந்து பார்க்க வேண்டும்.
இருபது பேர்,
இல்லாத நாய்க்குக் கை காட்டி,
வா வா, இந்தப் பக்கம், நில் என்று
வெயிலில் காற்றைக் கூட்டிக்கொண்டு போனோம்.
எதிரே வந்த மீசைக்காரர் ஒருவர்
தன் காற்றை என் காற்றின் மேல் மோதவிட்டு
சாரி மேடம் என்றார்.

கையாள்பவர் மாதேஸ்வரி, நாய் ரசீது.
ஒலிபெருக்கி இரண்டு முறை சொன்னது,
தன்னையே நம்பாத மாதிரி.

பத்துத் தடை சுத்தம்.
பதினொன்றில் என் வாய் சுரங்கம் என்றது.
இடது கால் பெருவிரல் மட்டும்
பக்கத்துத் தாண்டுதடையைப் பார்த்தது.
என் வாயை அவன் எப்போதுமே பெரிதாக எடுத்ததில்லை.
தாண்டினான், ஐயோ, அவ்வளவு அழகாக.

விசில்.

நான் வாரைத் தேடிக் குனிந்த நேரம்
திரும்பிப் போய்
இன்னும் முறை வராத சாய்பலகையில் ஏறிவிட்டான்.
நடுவில் நின்றான்.
சாக்கு இல்லாத பலகை.
டம்.
நகரவில்லை.
மஞ்சள் பட்டையில் முன்னங்கால் இரண்டும்,
கண் என்மேல்: ஈரல் எங்கே?

கணக்கில் சேராது என்றார் நடுவர்.
சரி சார் என்றேன்.
திரும்பும் டெம்போவில், கிரேட்டுகளுக்கு நடுவே,
யாரோ எடுத்து அனுப்பிய வீடியோவில்
என் பெருவிரலைப் பதினோரு தடவை பார்த்தேன்.
அவன் என் செருப்பின்மேல் தலை வைத்துத் தூங்கினான்.

சித்திரைக் கடைசியில் முதல் லோடு.
மாங்காயை இறக்கிவிட்டு
காலி வண்டியை எடைக்கு ஏற்றிய திம்மராயன்
ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்துகிறார்:
யம்மா, அந்த நாயைக் கீழே இறக்கு,
என் இருபது கிலோ போகுது!