சாய்கோடு

கெனோரா மருத்துவமனையின் பின்னறையில்
இன்னும் உயிரோடிருக்கிறது ஒரு ஃபேக்ஸ் இயந்திரம்.
என் தங்கை மார்லிஸ் அதற்குக் காகிதம் ஊட்டுகிறாள்.
பன்னிரண்டாம் பக்கம்
வழக்கம்போல் தொண்டையில் சிக்குகிறது.

மேற்கே இரண்டு மணி நேரத்தில் வின்னிபெக்;
சிறுநீரக மருத்துவர் அங்கேதான்.
நடுவே பனி, பைன் மரங்கள்,
'மனிடோபா வரவேற்கிறது' என்றொரு பலகை.
மான்கள் அதை வாசிப்பதில்லை.
கிரியாட்டினினும் வாசிப்பதில்லை.

எல்ராய் மண்டாமினுக்கு ஐம்பத்தோரு வயது.
படுத்திருக்கும் கட்டில் ஒன்டாரியோவுடையது.
மருந்துச் செலவு, பூர்வகுடி என்பதால், ஒட்டாவாவுடையது.
ஊசி போடப்போகும் கை மனிடோபாவுடையது.
வலி மட்டும்
தகராறில்லாமல் அவருடையது.

அதே செவ்வாய்க்கிழமை, தலைநகரில்,
ஒரு வினைச்சொல்லுக்காக
அமைச்சர்கள் மதிய உணவைத் தள்ளிப்போட்டார்கள்.
தரவுகளைப் 'பகிர வேண்டும்' என்றது மத்தி.
'பகிரலாம்' என்றன மாகாணங்கள்.
சிரிக்காதீர்கள்.
அந்த 'லாம்'-இல் மானம் இருக்கிறது,
எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை
தைத்தனுப்பப்பட்ட பழைய குளிர்காலங்களும் இருக்கின்றன.
குறிப்பெடுத்தவன் நான்.
இரண்டையும் எழுதி நடுவே சாய்கோடு போட்டேன்.
கையொப்பங்கள் மளமளவென்று விழுந்தன.

கெனோராவில் மார்லிஸ் அந்தப் பக்கத்தைப் பிடுங்கி,
நீவி, மறுபடி வைத்தாள்.
சின்னத் திரை சொன்னது: இணைப்பு இல்லை.
ஒருங்கிணைப்பு என்ற சொல்லை
அன்று நான் நாற்பது முறையாவது எழுதியிருந்தேன்.

இரவு தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னாள்.
சாய்கோட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

"அப்புறம்?" என்றேன்.

பக்கங்களை உறையிலிட்டு
ஆம்புலன்ஸ் போர்வைக்குள் செருகினாளாம்.
தன் கோப்பைத் தானே அணைத்தபடி
எல்லையைத் தாண்டினார் எல்ராய்,
தூங்கிக்கொண்டே.