எட்டுக்குப் பத்து

மாங்குளத்தில் வெயிலுக்குப் பஞ்சமோ என்று
ஹாட்வெயர் பேரின்பம் சிரித்தார்.
பஞ்சமில்லை அண்ணை,
பங்குக்குத்தான் ஆட்கள் கூட:
குரங்கு, மயில், இரவில் பன்றி,
நினைத்தால் யானை.
மிஞ்சின சலாதை
சித்திரை வெயில் நின்ற நிலையிலேயே அவித்துவிடும்.
ஆகவே உள்ளே போனோம்.

எட்டுக்குப் பத்து அறை.
முன்பு உரமூட்டை அடுக்கியது.
யன்னலைக் கல் வைத்து அடைத்து
நான்கு விளக்குகள் தொங்கவிட்டோம்.
நடுவில் இருந்த நாற்றுகள் நிமிர்ந்தன.
ஓரத்துத் தட்டுகள்
கல்யாண வீட்டின் பின்வரிசைப் பிள்ளைகள்போல
கழுத்தை நீட்டி நீட்டி மெலிந்தன.
"விளக்கைக் கூட்ட ஏலாது, பில்லைப் பார்" என்றாள் மதுராங்கி.
"சுவர் தின்னுற வெளிச்சத்தை
சுவரிட்டையே திருப்பி வாங்குவம்."

போனில் ஒரு வெளிச்சமானி இறக்கி
கொப்பியில் கோடு கீறி
ஒவ்வொன்றாய் ஆணியடித்துப் பார்த்தோம்.

வெள்ளித்தாள், சமையலுக்குச் சுற்றுவது.
கசங்கிய இடமெல்லாம் மின்னிற்று.
இங்கே ஐந்நூறு, ஒரு சாண் தள்ளி நூற்றெண்பது.
தலைவாய்க்காலில் வெள்ளம்,
கடைவயலில் வெடிப்பு.

பிறகு கண்ணாடி.
தன் அலுமாரிக் கதவையே கழற்றி வந்தாள்.
"நாலு நான் நிக்கிறன்,
ஒருத்தியும் தண்ணி ஊத்தேல்லை."
மானியும் மயங்கவில்லை.
கண்ணாடி கொஞ்சத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான்
முகத்தைத் தருகிறது.

கூரைத் தகரத்துக்கு அடியில் ஒட்டும் வெள்ளிப்பாய்.
நானூற்றுப் பத்து.
விலையைக் கேட்டுவிட்டு
விரித்ததைவிடக் கவனமாய்ச் சுருட்டிக் கொடுத்தோம்.

அடுத்தது ஒரு தறப்பாள்.
அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினாள்.
வெள்ளை. மடிப்புகளில் மட்டும் மஞ்சள்.
நீல எழுத்துகள் சுவரைப் பார்க்கும்படி கட்டினோம்.
விளக்கைப் போட
எழுத்துகள் இடம்வலம் மாறி மெல்ல மேலே வந்தன.
முந்நூற்றெழுபது. மூலைக்கு மூலை ஒரே கணக்கு.
செலவு ஒன்றுமில்லை.
எழுதினேன்.
அவள் கொஞ்சநேரம் உள்ளேயே நின்றாள்.
"இந்த வெளிச்சத்திலைதான் ஓ.எல்.லுக்குப் படிச்சனான்."
பிறகு என் பேனையை வாங்கி
அந்த வரிக்கு மேல் ஒரு கோடு இழுத்தாள்.
அடிமட்டம் வைத்துத்தான் இழுத்தாள்.

மிஞ்சியது வெள்ளைப் பெயின்ற்.
மினுக்கம் இல்லாததாய்த் தாங்கோ என்றோம்.
பேரின்பம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
மினுக்கம் வேண்டாமென்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம்,
சாமியறைக்குக்கூட.
மினுங்குகிற சுவர்
வந்த காசை முழுத்தாளாகவே ஒருவனிடம் நீட்டும்.
மங்கல் வெள்ளை அதைச் சில்லறையாக்கி
நாலு திக்கும் எறியும்.
இலைக்கு வேண்டியது சில்லறை.

பூசாத சீமெந்து
முதல் வாளியை மூச்சுவிடாமல் குடித்தது.
மூன்றாம் பூச்சில் முந்நூற்றுத் தொண்ணூறு.
என் தலைமயிரில் இன்னும் இருக்கிறது கொஞ்சம்.

பன்னிரண்டாம் நாள்
ஓரத்துத் தட்டுகள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டன.
கதவைத்தான் மறந்துபோனோம்.
அதன் அடி இடுக்கால் ஒரு விரற்கடை வெளிச்சம்
ஏ ஒன்பதுவரை வழிந்திருக்கிறது.
விடிய மூன்று மணி,
கொழும்பு பஸ் ஒன்று வேகம் குறைத்து நின்றது.
நடத்துநர் தட்டினார்:
"பிளேன்ரீ இருக்கோ?"
திறந்தபோது
மதுராங்கியின் கையில் சலாதுத் தட்டு.
அவருக்குப் பின்னால் முப்பது தூக்கக் கண்கள்
பஸ் யன்னல்களால் அந்த வெள்ளையைப் பார்த்துக் கூசின.

கொப்பியில் எழுதினேன்:
கதவடிக்கு றப்பர் பட்டி,
இரண்டடி எட்டங்குலம்.
அவள் கீழே சேர்த்தாள்:
தேயிலை, சீனி.