வாடகை இல்லாத மாசம்

ஹப்தாமுவை நான் முதலில் பார்த்தது
ஜெராக்ஸ் கண்ணாடிமேல்
கவிழ்ந்து படுத்த பாஸ்போர்ட்டாக.
மெஷின் அவன் கண்ணையும் மூக்கையும்
கறுப்பில் விழுங்கிவிட்டது.
"கொஞ்சம் வெளிச்சமா" என்றான் இங்கிலீஷில்.
வைத்தேன். சட்டைக் காலர் காணாமல் போயிற்று.
மூன்றாவது தாளில்தான் ஆள் வந்தான்.
மூன்றுக்கும் காசு வாங்கினேன்.

அப்புறம் விசா, சேர்க்கைக் கடிதம்,
வீட்டுக்காரர் பச்சையப்பனின் ஆதார்,
போலீஸ் பதிவுக்கு இரண்டு, பேங்குக்கு ஒன்று,
சிம் கார்டுக்காரன் தொலைத்ததற்கு மறுபடி ஒன்று.
வெளிநாட்டில் படிப்பதென்றால்
முதல் ஆறு மாதம்
நான் நான்தான் என்று தாளில் காட்டுவது போலிருக்கிறது.

வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு.
ஏன் பதினொன்று என்றான்.
பன்னிரண்டு போட்டால் பதிவுச் செலவு என்றேன்.
"எங்கள் வருஷத்துக்குப் பதிமூன்று மாதம், அக்கா.
பன்னிரண்டும் முப்பது முப்பது நாள்.
மிச்சம் விழும் ஐந்து நாளுக்குத் தனியாக ஒரு மாதம்."
பச்சையப்பன் காதில் போட்டுவிடாதே,
அதற்கும் வாடகை கேட்பார்.

டெம்போக்காரர்களுக்கு அவன் நைஜீரியா.
முதல் வருஷம் திருத்தினான்.
இரண்டாம் வருஷம் ஏறி உட்கார்ந்தான்.

அவன் நாட்டுக்குக் கடல் கிடையாது.
காலாப்பட்டில் என் கடைக்குப் பின்னால்
மீனவர் தெரு தாண்டினால் கடல்.
வந்த வாரம் போய்ப் பார்த்துவிட்டு
"சத்தம் அதிகம்" என்றான்.
படிக்க வந்ததோ
அந்தக் கடல் எங்கள் கிணறுகளுக்குள்
எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை.

கனகசெட்டிக்குளம் வரை வீடு வீடாகப் போவான்,
தோளில் பிளாஸ்டிக் பாட்டில்கள் கடகடக்க.
"அக்கா, தண்ணி கொஞ்சம்."
பெண்கள் சொம்பில் கொண்டுவந்து நீட்டுவார்கள்.
மறுக்கத் தெரியாமல் குடித்துவிட்டு
மறுபடி பாட்டிலைக் காட்டுவான்.
கதவைத் திறக்காத வீடுகளும் இருந்தன.
அதை அவன் சொல்லவில்லை,
மீன்காரி பூரணி சொன்னாள்.

ஒரு வருஷம் அவன் ஊருக்கு போன் போகவில்லை.
சண்டை என்றான், அவ்வளவுதான்.
அந்த நாட்களில் பிரதி எடுக்க ஒன்றும் இல்லாமலே வந்து
டோனர் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பான்.
ஒருநாள் வெள்ளைத்தாள் வாங்கி
காலும் கையும் முளைத்த அவர்கள் எழுத்தில்
இரண்டு பக்கமும் எழுதினான்.
இரண்டு பிரதி எடுக்கச் சொன்னான்.
யாருக்கு என்று கேட்டிருக்கலாம்.
சில்லறை தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மூன்று கோடை அளந்து முடித்து
ஆய்வேடு அச்சுக்கு வந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஐந்து பிரதி.
நன்றிப் பக்கத்தில் வழிகாட்டி, லேப் உதவியாளர்,
விடுதி நண்பன் லால்ரம்மாவியா, பச்சையப்பன்கூட.
என் பேர் இல்லை. தேடித்தான் பார்த்தேன்.
கடைசியில் ஓர் அட்டவணை.
கிணறு 17: ஜெராக்ஸ் கடையின் பின்புறம்.
ஐப்பசி மழைக்கு இறங்கி
ஒவ்வொரு சித்திரைக்கும்
முன்னைவிட ஒருபடி ஏறி நிற்கும் உப்பு.
என் கிணற்றைப் பற்றி
என்னைக் கட்டிக்கொண்டவருக்குக்கூட இவ்வளவு தெரியாது.

ஆவணி கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது.
வெள்ளையடித்த கணக்கைக் கழித்துக்கொண்டு
முன்பணம் திரும்பி வந்தது.
விமானத்துக்கு இன்னும் ஐந்து நாள்.
ராத்திரிக்கு விடுதி நண்பன் அறை.
பெட்டி இரண்டும் என் கடையில்,
பேப்பர் கட்டுகளுக்கும் சுவருக்கும் நடுவே.
"இது எந்த மாதம் தெரியுமா அக்கா?"
தெரியும்.
வாடகை இல்லாத மாசம்.

அச்சில் மை இழுத்த பக்கம் ஒன்றை
வேண்டாம் என்று விட்டுப்போனான்.
பதினேழாம் எண் அதில்தான் இருக்கிறது.
மீட்டர் பெட்டிக்குமேல் ஒட்டிவைத்தேன்.
இந்தச் சித்திரையில் ஓரத்தில்
நானே ஒரு கட்டம் போட்டேன்.
என்னிடம் கருவி ஏது?
ஒரு வாய் எடுத்து
நாக்கில் வைத்திருந்து துப்பினேன்.
பென்சிலால் எழுதினேன்:
கொஞ்சம் கூட.