தேவாலய வளைவு

விற்று நான்கு மாதம் ஆகிறது.
இன்னும் பங்கில் என் கை
பச்சைக் குழாய்க்குத்தான் போகிறது.
"டாக்டர், கறுப்பு! கறுப்பு!" என்று
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்துகிறாள் ஃபானி.
எடுத்ததை வைத்துவிட்டு
வேறு யாரோ செய்த தவறு போல
வானத்தைப் பார்க்கிறேன்.

பழையது இரண்டு கதவு, சிவப்பு.
ஏழாயிரம் சுற்றில் முள் நடுங்கும்போது
என் விலா எலும்பும் சேர்ந்து நடுங்கும்.
முப்பத்தொன்றாம் வயதில்
விவாகரத்துப் பணத்தில் வாங்கினேன்.
மாட்டு வைத்தியம் பார்ப்பவளுக்கு இது எதற்கு என்று
போவெட்ஸ் முழுக்கக் கேட்டது.
பதிலை
வ்ர்ஷிச் கணவாயின் கொண்டைஊசி வளைவுகளில்
மூன்றாம் கியரில் சொல்லிக்கொண்டிருந்தேன்,
பதினான்கு வருடம்.

பின்பெட்டியில் ரப்பர் காலணியை வைத்தால்
கன்று இழுக்கும் கயிற்றுக்கு இடமில்லை.
ஒருமுறை, கால் முறிந்த ஆட்டை
பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்த்தி
தொல்மின் வரை கொண்டுபோனேன்.
டிக்கெட் வாங்கியதைப் போல
ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தது.
பெட்ரோல் கணக்கு எழுதிய நோட்டை
யாருக்கும் காட்டியதில்லை.
முதுகு மட்டும் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தது.

இப்போதையது சாம்பல் நிறம், ஐந்து கதவு.
நாலாயிரத்தைத் தாண்டினால்
அதற்குப் பேச ஒன்றுமில்லை.
ஆனால் ஆயிரத்து எண்ணூறில்
முதுகில் ஒரு கை வந்து தள்ளுகிறது,
சேற்றில் சிக்கிய மாட்டைத் தள்ளிப் பழகியவனின் கை.
அவசரமில்லை, விடுவதுமில்லை.
ஒரு தொட்டி டீசலில் ஆயிரத்து நூறு கிலோமீட்டர்.
ஃபானியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறேன்.
அதனால்தான் கைக்கு இன்னும் பழகவில்லை
என்று சொல்லிக்கொள்கிறேன்.

பிப்ரவரி. மைனஸ் பன்னிரண்டு.
டிரெந்தாவில் யெர்னெய் கோமாட்ஸின் தொழுவம்.
கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே.
"தண்ணீர்?" என்றேன்.
அடுப்பில் பாத்திரமே ஏறவில்லை.
அவன் மனைவி மத்தில்தா தலையில் கை வைத்தாள்.
"தேவாலய வளைவில் உன் கார் உறுமும்.
அப்போது அடுப்பைப் பற்றவைப்பேன்.
நீ வாசலில் இறங்கும்போது கொதித்திருக்கும்.
எத்தனை வருடமாக இப்படி!
இன்றைக்கு நீ எப்போது வந்தாய்?"

முழங்கை வரை ஐஸ் தண்ணீரில் கழுவினேன்.
விரல் மரத்து
கயிற்று முடிச்சு இரண்டு முறை நழுவியது.
கன்று வந்தது, மூச்சுவிட்டது,
என் கழுத்தை நக்கியது.
மத்தில்தா கடைசிவரை
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.
நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

அந்தச் சத்தம் எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் தேவாலய வளைவில்
இருமுறை ஹாரன் அடிக்கிறேன்.
ஊர்வலம் கலைந்த பிறகும்
மேளத்தைத் தட்டிக்கொண்டு நடப்பவளைப் போல
வெட்கமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை, இரவு இரண்டு மணிக்கு போன்.
"எங்கே நீ? தண்ணீர் கொதித்து வற்றுகிறது."
"யாருக்கு, மத்தில்தா?"
"இப்போதுதானே வந்தாய்?
வளைவில் கேட்டேனே."

தாதேய்.
நோவா கோரிட்சாவில் குளிர்பெட்டி பழுது பார்க்கிற பையன்.
வாங்கும்போது எண்ணெய் அளவைக்கூடப் பார்க்காமல்
இருக்கையைத்தான் தடவிக்கொண்டிருந்தான்.
யாருக்காகவோ, எதற்காகவோ, ஒன்றுக்காகவும் இல்லாமலோ
கணவாய் ஏறியிருக்கிறான்.

"பசு எப்படி இருக்கிறது?"
"நின்றுகொண்டு அசைபோடுகிறது."
இருவரும் கொஞ்சநேரம் பேசவில்லை.
வைத்த தண்ணீரில் டீ போட்டுக்கொள்வதாகச் சொன்னாள்.

வைத்துவிடப் போனவளிடம் கேட்டேன்:
"சத்தம் எப்படி இருந்தது?"

"நானும் நினைத்தேன்," என்றாள் மத்தில்தா,
"நீ இவ்வளவு கத்தவிட மாட்டாயே என்று."

இரண்டாம் கியர்.
மடையன், வளைவு முழுக்க
இரண்டாம் கியரிலேயே ஏறியிருக்கிறான்.