எந்த மாடி?

டைனோசர் வேண்டாமாம். விண்வெளியும் வேண்டாமாம்.
ஹனானுக்கு நாளை நான்கு வயது;
லிஃப்ட் பர்த்டேதான் வேண்டும்.

ஷார்ஜா ரோலாவில் கடை கடையாய்க் கேட்டு
ஃப்ரிட்ஜ் அட்டை வாங்கிவந்து
வியாழன் இரவெல்லாம் வெட்டினேன்.
பொத்தான்களுக்குப் பெப்சி மூடி.
ஒன்பதை விட்டுவிட்டேன்,
கண்டுபிடித்துவிட்டாள்.

வெள்ளி மாலை
கட்டடத்தின் நிஜ லிஃப்ட் ஏழில் நின்றுபோனது.
பதினோரு மாடி ஏறி
பரிசுப் பொட்டலத்தால் விசிறிக்கொண்டு
வந்தவர்களை எல்லாம்
அட்டைக்குள் நிறுத்தி
"எந்த மாடி?" என்கிறாள்.
"இனி எந்த மாடியும் வேண்டாம்மா" என்றார் ஜமீல் மாமா.

சுல்ஃபி வீட்டார் மட்டும் இன்னும் வரவில்லை.
போனும் போகவில்லை.

கேக்கிலும் கிரீமில் இரண்டு கதவு, சாத்தியபடி.
கத்தியை நீட்டினால்
கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்:
"வெட்டாதீங்க வாப்பா,
உள்ள ஆள் இருக்காங்க."