மற்றவை

படிவத்தில் ஏழு கட்டங்கள்.
மாணவர் படை, சாரணர், செஞ்சிலுவை,
பசுமைப் படை, அறிவியல் மன்றம்,
வினாடி வினா, கோகோ.
கடைசியில், டிக் அடிக்க இடமில்லாமல்
ஒரு கோடு மட்டும்:
மற்றவை.

பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிரிவுக்கு
அந்தக் கோடுதான் மிச்சம்.
அறிவியல் மன்றத்தில் கேட்டுப் பார்த்தேன்.
"காமர்ஸா? சார்ட் தூக்க ஆள் வேணும், வர்றியா?"
போனேன். ஒரு நாள் தூக்கினேன்.
தவளையின் இதயம் என்னைவிடக் கனமாக இருந்தது.

சைக்கிள் ஸ்டாண்டில் நாலு பேர் கூடினோம்.
அம்மாப்பேட்டை தறிச்சத்தத்தோடு வரும் சௌடேஷ்,
எதையும் இரண்டு தடவை எண்ணும் சஃப்ரீன்,
ஹாஸ்டலிலிருந்து சேர்வராயன்
(மலையின் பேர்தான், மலையேதான் ஊர்),
பிறகு நான்.
வணிக மன்றம் என்று எழுதிக் கொடுத்தோம்.
தலைமையாசிரியர் கண்ணாடியை ஏற்றினார்:
"பள்ளிக்கூடத்துல வியாபாரமா?"
எஸ்தர் டீச்சர் கையெழுத்தை
பென்சிலால் போட்டார்.

விளையாட்டு விழா. தட்டுவடை செட்.
தலைக்கு நூற்று எண்பது முதல்.
தட்டை, பீட்ரூட், கேரட், இரண்டு சட்னி,
அறுபது செட்டுக்கு எழுநூற்று இருபது.
விலை பதினைந்து.
லாபத்தை முந்தின ராத்திரியே எழுதி வைத்தேன்,
சிவப்பு மையில், கோடு போட்டு.

காலை பத்து மணிக்கு சேர்வராயன் சொன்னான்,
"மலை தெரியல. சீக்கிரமா வித்துரலாம்."
வடக்கே பார்த்தோம்.
மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக எதுவோ.
நாங்கள் நகரத்துப் பிள்ளைகள்,
மதியம்தானே கூட்டம் வரும் என்றோம்.

நானூறு மீட்டர் ஓட்டத்தின் கடைசி வளைவில்
மழை எல்லாரையும் முந்தியது.
பந்தல் ஒரு பக்கம் சாய,
சட்னி ஒரு பக்கம் ஓட,
நமுத்துப்போன தட்டையை யார் வாங்குவார்?
விற்றது முப்பத்தேழு.
மீதி இருபத்து மூன்றையும்
வராந்தாவில் ஒதுங்கிய ரிலே ஓட்டக்காரர்கள்
கேட்காமலே தின்றார்கள்.
ஒருத்தி மட்டும்
"காரம் பத்தல" என்றாள்.

திங்கட்கிழமை கணக்கு.
முப்பத்தேழு பதினைந்து
ஐந்நூற்று ஐம்பத்தைந்து.
டப்பாவில் ஐந்நூற்று எழுபத்தைந்து.
சஃப்ரீன் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
மூன்றாவது தடவை எண்ணியபோது பயந்துவிட்டோம்.
குறைந்தால் திருடன் என்று தேடலாம்,
கூடினால் யாரைத் தேடுவது?

"நாலு பேர் மீதி அஞ்சு ரூபாய
வாங்க மறந்திருப்பாங்க" என்றான் சௌடேஷ்.
சரிதான், கணக்கு உதைக்காது.
ஆனால் நோட்டெல்லாம் மழையில் நனைந்து
ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்க,
அடியில் ஒரே ஒரு இருபது,
நாலாக மடித்தது,
காய்ந்திருந்தது.

மழைக்குப் பிறகு டப்பாவைத் தொட்டவர்கள்
நாங்கள் நாலு பேர்தான்.
நான் போடவில்லை.
மற்ற மூவரும் அதையேதான் சொன்னார்கள்,
ஒரே மாதிரி, ஒரே வேகத்தில்.
அன்று மதியம் பன் வாங்காமல்
சும்மா தண்ணீர் குடித்தது யார் என்று
யோசித்தேன்.
மூன்று பேருமே குடித்திருந்தார்கள்.
நானும்தான்.

நட்டம் நூற்று அறுபத்தைந்து என்று எழுதினோம்.
இருபதைப் போட இடமில்லை.
வருமானமில்லை, முதலில்லை,
நன்கொடை என்றால் கொடுத்தவர் பேர் வேண்டும்.
பாடப்புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து
சஃப்ரீன் கண்டுபிடித்தாள்:
பிழை எங்கே என்று தெரியும்வரை
வைத்திருக்கும் பக்கம்,
அனாமத்துக் கணக்கு.

எஸ்தர் டீச்சர் படித்தார்.
"இதை நேர் பண்ணியே ஆகணும்" என்றார்.
பிறகு, பண்ணச் சொல்லவில்லை.
அழிப்பான் கேட்டு வாங்கி
பென்சில் கையெழுத்தை அழித்து
பேனாவால் போட்டார்.

இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மறுபடி அதே படிவம்,
அதே ஏழு கட்டம், அதே கோடு.
பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.
பக்கத்து பெஞ்சில் சேர்வராயன்
ஜன்னல் வழியே வடக்கே பார்க்கிறான்.
மலை தெரிகிறதா என்று கேட்டேன்.
"பாதி" என்றான்.
வெள்ளிக்கிழமைக்கு முப்பது செட் போதும்.