இருபத்திரண்டு பப்ஸ்

சித்திரையில் சேலத்தில்
தார் ரோடு செருப்போடு கூடவே வரும்.
சூடம் டப்பாவுக்குள்ளேயே பாதியாகும்.
என் பட்டறை மேசையில்
அந்த வெள்ளைக் கட்டி மட்டும்
வேர்க்காமல் உட்கார்ந்திருக்கும்.

அதற்காகத்தான் அதை வாங்கினேன்.
வெண்ணெய்க்கு இந்த ஊர் ஆகாது.
மாவை மடித்து உருட்டுவதற்குள்
ஓரமெல்லாம் கசிந்துவிடும்.
மலைமேல், ஏற்காட்டுப் பனியில்,
என் சகலை வெண்ணெயில்தான் போடுகிறான்.
இருபது கொண்டை ஊசி ஏறி வருகிறவர்கள்
விலை கேட்பதில்லை.
நான் கொண்டலாம்பட்டியில்
தறிக்காரர்களுக்குப் போடுகிறேன்.
பன்னிரண்டு ரூபாய், இருபத்தேழு மடிப்பு.
கடித்தால் எழும் சத்தம்
தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் இரண்டு சரக்கு.
ஒன்றின் பெட்டியில்
டிரான்ஸ் கொழுப்பு இவ்வளவு என்று
எறும்பளவு எழுத்தில் போட்டிருக்கும்.
இன்னொன்றில் எழுத்தே கிடையாது.
கிலோவுக்கு இருபத்தாறு ரூபாய் குறைவு.
இல்லாத எழுத்தைப் படிக்கத் தேவையில்லை.

பச்சியண்ணன் நாலு மணிக்கு வருவார்.
பனியனில் பஞ்சு, புருவத்தில் பஞ்சு.
ஒரு பப்ஸ், ஒரு டீ.
டீக்குக் காசு, பப்ஸுக்குக் கணக்கு.
பதினொரு வருஷம்.
போன மாதம் தறிமேலேயே சாய்ந்தார்.
நாற்பத்தாறு வயது.

பெரியாஸ்பத்திரியில்
டாக்டரம்மாவிடம் கேட்டேன்:
உடம்புச் சூடு முப்பத்தேழு,
அந்தக் கட்டி உருக நாற்பதுக்கு மேல் வேண்டும்
என்பார் மண்டிக்காரர்.
அப்படியே உள்ளே போய் உறைந்து
அடைத்துக்கொண்டதா?

"சாக்கடைக் குழாய் மாதிரி நினைக்காதீங்க.
அது ரத்தத்துல கெட்ட கொழுப்ப ஏத்தும்,
நல்லத இறக்கும்.
குழாய்ச் சுவர் வருஷக்கணக்கா
உள்பக்கமா தடிச்சிட்டே வரும்.
ஒரு நாள் தெரியும்.
இவருக்கு பீடி உண்டா?"

"உண்டுங்க" என்றேன்,
கேட்டு முடிப்பதற்குள்.
அந்த பீடியால் எனக்கு மூச்சு வந்தது.
அப்படி வந்ததே என்று
படி இறங்கும்வரை கூசியது.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
பழக்கதோஷத்தில்
ஆறு பப்ஸைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன்.
மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர்
என் கையைப் பார்த்தார்.
கண்ணால் கேட்டார்.
பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

மறுநாள் மூன்று மணிக்கு எழுந்து
ஐஸ் பெட்டியும் வெண்ணெயுமாக நின்றேன்.
பாதி தட்டில் சரிந்தது.
மீதிக்கு இருபது ரூபாய் போட்டேன்.
"என்னண்ணே, சவசவன்னு கெடக்கு" என்றான் மாதேஸ்.
நாலே நாளில் தறிப்பட்டறை மொத்தமும்
எதிர்க்கடைக்குப் போய்விட்டது.
காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது
அங்கே எந்தச் சரக்கு என்று
எனக்கு வாசனையிலேயே தெரிகிறது.

இப்போது எழுத்துப் போட்ட பெட்டி வாங்குகிறேன்.
இரண்டு சதவீதத்துக்குள் என்கிறது.
நம்புகிறேன்.
அதுவும் அமிர்தமல்ல, மைதாவும் மைதாதான்.
பதினாறு ரூபாய்.
சிலர் திரும்பி வந்தார்கள்.

நேற்று பாவாயியக்கா வந்தார்.
முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.
"இருபத்திரெண்டு பப்ஸுங்களாமா.
கடன் நிக்கக் கூடாதுன்னு சொல்லி உட்டாரு."
இரண்டு நூறு, ஓர் ஐம்பது,
பதினாலு ரூபாய்க்குச் சில்லறை.
கண்ணாடி மேசைமேல் வைத்தார்.
அடியில் தட்டு, தட்டில் பப்ஸ்.

கணக்கு நோட்டில் அவர் பக்கத்தைத் திருப்பினேன்.
விரல் பட்ட இடமெல்லாம் நெய்யேறி
தாள் கண்ணாடியாகியிருந்தது.
பின்பக்கத்தில் எழுதிய வேறு யாருடைய பெயரோ
தலைகீழாகத் தெரிந்தது.

"எண்ணிப் பாத்துக்கோங்க" என்றார்.

அந்தப் பதினாலு ரூபாய்ச் சில்லறையை
நான் வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.